காஞ்சியில் கேட்ட பீரங்கிச் சத்தம்

பாவு தீர்ந்துவிட்டது. அடுத்த பாவு கைக்கு வர இரண்டு நாளாகும் என்றார்கள். தறி சும்மா நின்ற அந்த இரண்டு நாளில், ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில் 1780-ஆம் ஆண்டுப் போர் ஒன்று நடந்தது.

நான்கு பலகைகளைச் சேர்த்துப் போட்டு மேலே பழைய பச்சைப் போர்வை விரித்தோம். வடகிழக்கு மூலையில் கொசஸ்தலை ஆறு. நீலப் பட்டுநூல் கழிவைப் பிரித்து வளைத்து வைத்தது. அளவுக்கு அடங்காததால் கொஞ்சம் இழுத்துச் சேர்த்திருந்தேன். அதற்கு இப்பால் பேரம்பாக்கம், பிறகு புள்ளலூர், தெற்குக் கோடியில் காஞ்சிபுரம். ஏகாம்பரநாதர் கோபுரத்துக்குத் தீப்பெட்டிகளை அடுக்கினேன். ஒரு கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் கணக்கு.

படைக்கு 15 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகள். ஈயக் கலவையில் வார்த்தவை. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் வாங்கி அனுப்பியிருந்தான். சட்டைக்குச் சிவப்பும் வார்ப்பட்டைக்கு வெள்ளையும் தீட்டி முடிக்க எனக்கு மூன்று மாதமானது. ஒரு பொம்மை 20 பேருக்குச் சமம். கர்னல் வில்லியம் பெய்லியின் 3,800 பேருக்கு 190 பொம்மை போதும். மைசூரின் ஹைதர் அலிக்குக் கட்டாது. அவர் கர்நாடகச் சமவெளிக்குள் இறக்கிய படை 80,000-க்கு மேல். பழைய ஜக்கார்டு அட்டையைச் சதுரமாக வெட்டிப் பச்சை பூசி, ஒரு சில்லு 500 பேர் என்று வைத்துக்கொண்டேன்.

அக்கா மகன்தான் சர் ஹெக்டர் மன்றோ. காஞ்சிபுரத்தில் 5,000 பேரோடு முகாமிட்டிருந்த ஆங்கிலத் தளபதி. சிங்கப்பூரில் உட்கார்ந்தபடி அவன் காஞ்சிப் படையை நடத்த வேண்டும். கொரோனா ஊரடங்கில் உலகம் முழுக்க இப்படி ஆட ஆரம்பித்தார்கள். மேசைக்கு மேலே கைபேசியைக் கட்டித் தொங்கவிட வேண்டியது, தூரத்தில் இருப்பவர் திரையில் பார்த்து உத்தரவு சொல்ல, மேசையருகே இருப்பவர் பொம்மைகளை நகர்த்த வேண்டியது. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். தறியின் மேல்விட்டத்தில் கயிறு கட்டிக் கைபேசியைத் தொங்கவிட்டேன்.

முதல் ஆட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பேரம்பாக்கத்தில் பெய்லி நிற்பதைப் பார்த்தான். ஹைதரின் மகன் திப்புவின் சில்லுகள் அவரை மறிப்பதைப் பார்த்தான். ஹைதரின் பெரும்படை எங்கே இருக்கிறது, எந்தப் பாதை காலி என்பதும் கண் முன்னே கிடந்தது. முழுப் படையையும் கிளப்பிக்கொண்டு போய் பெய்லியோடு சேர்த்துவிட்டான். “இவ்வளவுதானே மாமா? அந்த ஆளு ஏன் இதைச் செய்யல?” என்று கேட்டான்.

அந்தக் கேள்வியோடுதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

மன்றோ கோழையோ அனுபவமில்லாதவரோ அல்லர். 1764-ல் பக்சாரில் வென்றவர். 1780 ஜூலையில் ஹைதர் மலைக்கணவாய்கள் வழியாக இறங்கி, ஆகஸ்டில் ஆற்காட்டை முற்றுகையிட்டபோது, கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இரண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டு சென்னைக்கு அருகே பரங்கிமலையில். இன்னொன்று பெய்லியின் கீழ் குண்டூர் பக்கத்திலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தது. இரண்டையும் சென்னையிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்றார் படை அதிகாரி லார்ட் மக்ளவுட். மன்றோ கேட்கவில்லை. ஆற்காட்டை விடுவிக்கக் காஞ்சிபுரமே வாகு, எல்லோரும் அங்கே வாருங்கள் என்று முடிவெடுத்து, ஆகஸ்ட் 29-ல் காஞ்சியை அடைந்தார். சென்னைக்கு ஒரே எட்டில் இருந்த பெய்லியும் நேராகக் காஞ்சிக்கே வர உத்தரவு.

பெய்லி ஆகஸ்ட் 25-ல் கொசஸ்தலைக் கரைக்கு வந்துவிட்டார். ஆறு அன்று கடக்கக்கூடிய நிலையில்தான் இருந்தது. காலையில் கடக்கலாம் என்று இக்கரையிலேயே முகாம் போட்டார். இரவில் வெள்ளம் வந்தது. செப்டம்பர் பிறந்த பிறகுதான் அக்கரை போக முடிந்தது. ஒரு வாரத்துக்கு மேல் போயிற்று. அந்த ஒரு வாரம் ஹைதருக்குப் போதுமானதாக இருந்தது. முற்றுகையை விட்டுவிட்டுக் காஞ்சிக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார். பெய்லியை மறிக்கத் திப்புவை அனுப்பினார்.

செப்டம்பர் 6. பேரம்பாக்கத்தில் திப்பு தாக்கினார். பெய்லி தாக்குப்பிடித்து விரட்டினார். ஆனால் அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கும் தெம்பு படைக்கு இல்லை. ‘நீங்கள் வந்து சேர்ந்தால்தான் உண்டு’ என்று மன்றோவுக்கு எழுதினார். அதே நாளில் திப்புவும் தந்தைக்கு எழுதினார், கூடுதல் படை வராமல் இவர்களை அடிக்க முடியாது என்று. இரண்டு தளபதிகள், இரண்டு கடிதங்கள், இரண்டிலும் ஒரே வேண்டுகோள். எந்தக் கடிதம் முதலில் போய்ச் சேரும், படித்தவர் என்ன செய்வார் என்பதில்தான் புள்ளலூரின் தலையெழுத்து இருந்தது.

மன்றோவின் கவலை அரிசி. காஞ்சியின் பெரிய கோயிலில் அடுக்கி வைத்திருந்த அரிசிதான் படையின் உயிர். அதுவும் சில நாளைக்குத்தான் வரும். முழுப் படையோடு வடக்கே போனால் எதிரே நிற்கும் ஹைதர் காஞ்சிக்குள் புகுந்து அரிசியையும் பெரிய பீரங்கிகளையும் அள்ளிவிடுவார். போகாவிட்டால் பெய்லி. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தார். கர்னல் ஃபிளெச்சரின் தலைமையில் சுமார் ஆயிரம் பேரைச் செப்டம்பர் 8 இரவில் அனுப்பினார். வழிகாட்டிகள் ஹைதரின் ஆட்களாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஃபிளெச்சர், அவர்கள் சொன்ன பாதையை விட்டுச் சுற்றுவழியில் நடந்து 9-ஆம் தேதி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். இந்தப் படையெடுப்பில் ஆங்கிலேயர் பக்கம் யாராவது சரியாக யோசித்தார்கள் என்றால் அது ஃபிளெச்சர்தான் என்பது என் எண்ணம். மறுநாளே அவர் இறந்துபோனார்.

9-ஆம் தேதி இரவு பெய்லி புறப்பட்டார். வழியெல்லாம் தொல்லை. நடு இரவில், விடியட்டும் என்று நிறுத்திவிட்டார். அந்த இருட்டுக்குள்தான் ஹைதர் காஞ்சிக்கு எதிரேயிருந்த முகாமைவிட்டு மகனிடம் போய்ச் சேர்ந்தார். காஞ்சியில் இருந்த மன்றோவுக்கு அது தெரியவில்லை. விடிந்தபோது, புள்ளலூரில், பெய்லியைச் சுற்றிலும் மைசூர்க் குதிரைப்படை, பீரங்கிகள், இரும்புக் குழலில் மருந்து அடைத்த ராக்கெட்டுகள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. சதுரமாக அணிவகுத்து நின்று, தாக்குதலைத் திரும்பத் திரும்பத் தடுத்த படை உடைந்தது. பெய்லி சரணடைந்தார்.

காஞ்சியில் பீரங்கிச் சத்தம் கேட்டது. மன்றோ வடக்கே சில மைல் நடந்தார். அடையாளக் குண்டுகள் சுட்டுப் பார்த்தார். பதில் குண்டு இல்லை. கடைசியில் எதிரே காயத்தோடு வந்த ஒரு சிப்பாய்தான் நடந்ததைச் சொன்னான். திரும்பி வந்தவர், இழுத்துப்போக முடியாத பெரிய பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். காஞ்சியிலிருந்து இன்று செங்கல்பட்டுக்குப் போகிற சாலை எங்கள் ஐயம்பேட்டை வழியாகத்தான் போகிறது. பள்ளிக்கூட நாளில் சைக்கிளில் போனபோதெல்லாம் இது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அந்தச் சாலையைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம் சொன்னபோது அக்கா மகன், “கேக்க முடிஞ்சுது, பாக்க முடியல” என்றான். அதுதான் விஷயம். மேலிருந்து பார்க்கும் கைபேசியை அவிழ்த்தேன்.

தூரத்திலிருந்து படை நடத்துகிறவருக்கு மேசையைக் காட்டக் கூடாது. காட்டினால் அது புள்ளலூர் ஆகாது. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற பலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். அத்தனை அழகாகத் தீட்டிய பொம்மைகளை ஒளித்து வைக்கவா என்பார்கள். ஆனால் இந்த விளையாட்டு பிறந்ததே ஒளித்து வைப்பதில்தான்.

பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்று ஒரு பிரபு. 1812-ல் தம் அரசருக்கு ஒரு பெட்டகம் செய்து கொடுத்தார். காடு, மேடு, ஆறு எல்லாம் சிறு சிறு பலகைகளாக இருக்கும். எப்படி வேண்டுமானாலும் சேர்த்து நிலத்தை உருவாக்கலாம். அவருடைய மகன் பீரங்கிப்படை அதிகாரி. அவர் அந்த விளையாட்டை 8,000-ல் ஒரு பங்கு அளவிலான வரைபடத்துக்கு மாற்றி 1824-ல் விதிகளை வெளியிட்டார். நடுவர் ஒருவர் உண்டு. தளபதிகள் அவரிடம் எழுத்தில் உத்தரவு கொடுப்பார்கள். ஒரு சுற்றென்பது 2 நிமிடப் போர். தூதுவன் குதிரையில் போய்ச் சேரும் வரை உத்தரவு நிறைவேறாது. எதிரியின் எந்தப் படை கண்ணுக்குத் தெரியுமோ அதை மட்டும்தான் நடுவர் காட்டுவார். பிரஷ்யப் படைத்தலைமையே மகிழ்ந்து இதைப் படைப்பிரிவுகளுக்குப் பரிந்துரைத்தது. ஆனால் அந்த இளைஞர் மூன்றே ஆண்டில், 1827-ல், தற்கொலை செய்துகொண்டார். எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் பொம்மை வீரர்களை வைத்து எழுதிய விளையாட்டுப் புத்தகம் பிறகு மிகவும் பிரபலமானது. அதில் எல்லாம் வெளிப்படை. வில்வைத்த பீரங்கியால் பொம்மையை அடித்துச் சாய்க்க வேண்டும். அது வேறொரு சந்தோஷம்.

“அப்போ செஸ்ஸைத் தபால்ல ஆடறாங்களே, அது எப்படி?” என்று கேட்டாள் என் மகள். நல்ல கேள்வி. இதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1828-ல் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே தபால் வழியாகச் சதுரங்கம் நடந்தது. சென்னை குலாம் காசிம் என்ற ஆட்டக்காரரும், ஜேம்ஸ் காக்ரேன் என்ற கம்பெனி அதிகாரியும் அந்த இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 1829-ல் சென்னையிலேயே ஒரு நூல் போட்டார்கள். சதுரங்கத் தொடக்க ஆட்டங்களில் ஒரு வகைக்கு இன்றும் குலாம் காசிமின் பெயர் இருக்கிறது.

தேர், யானை, குதிரை, காலாள் என்ற நாற்படையின் பெயரையே வைத்திருக்கிற ஆட்டம்தான் சதுரங்கம். ஆனாலும் அதைத் தபாலில் ஆட முடிவதற்குக் காரணம், இருவருக்கும் பலகை முழுக்கத் தெரியும் என்பதே. கடிதம் பத்து நாள் தாமதித்தாலும் காய் அங்கேயேதான் நிற்கும். புள்ளலூரில் கடிதம் போய்ச் சேர்வதற்குள் பலகையே மாறிவிடும். பேரம்பாக்கத்திலிருந்து காஞ்சிக்கு ஏறக்குறைய 24 கிலோமீட்டர். தடங்கலில்லாமல் நடக்கிறவனுக்கு ஐந்து மணி நேரம். மைசூர்க் குதிரைகள் சுற்றுகிற இரவில், வரப்போரம் பதுங்கிப் பதுங்கிப் போகிறவனுக்கு எவ்வளவு ஆகும்? மன்றோ படிக்கிற கடிதம் எப்போதுமே நேற்றையது.

காஞ்சியில் உட்கார்ந்துகொண்டு தூரத்தில் போர் நடத்தியவர்களில் மன்றோவுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. கலிங்கத்துப்பரணி சொல்கிறபடி, முதலாம் குலோத்துங்கன் காஞ்சி அரண்மனையில் இருந்தபோதுதான் கலிங்க மன்னன் திறை கட்டாத செய்தி வந்தது. கருணாகரத் தொண்டைமானைப் படையோடு அனுப்பிவிட்டு மன்னன் காஞ்சியிலேயே இருந்தான். 1110-ஐ ஒட்டி நடந்த போர் அது. அத்தனை தூரத்துக்கு அன்றாட ஆணை போகாது என்பதால் போரை முழுக்கத் தொண்டைமான் கையில் கொடுத்தாக வேண்டியிருந்திருக்கும். என் கணக்கில், மன்றோவுக்கு வாய்த்ததுதான் மிகக் கெட்ட தூரம். சத்தம் கேட்கிற அளவுக்குப் பக்கம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தொலைவு. அதனாலேயே பெய்லியைத் தன் போக்கில் விடவும் முடியவில்லை, கூட நிற்கவும் முடியவில்லை.

ஹைதருக்கும் அதே தூரம்தான். திப்பு பேரம்பாக்கத்தில் போரிட்டபோது அவரும் காஞ்சிக்கு எதிரேதான் இருந்தார். ஆனால் நடுவே இருந்த பாதைகளெல்லாம் அவருடைய குதிரைகளின் கையில். ஒற்றர்கள் ஆங்கில முகாமுக்குள்ளேயே வழிகாட்டிகளாக உட்கார்ந்திருந்தார்கள். ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம், தூதுக்கு ஓர் அதிகாரம் என்று வள்ளுவர் தனித்தனியே எழுதியது ஏன் என்று புரிய வேண்டுமென்றால் 1780 செப்டம்பரின் அந்த ஐந்து நாளைப் பார்த்தால் போதும்.

இரண்டாவது ஆட்டத்துக்கு விதிகளை நானே எழுதினேன். நான் நடுவர். ஹைதருக்கும் திப்புவுக்கும் பக்கத்து வீட்டு அண்ணன். கோர்வைச் சேலை நெய்கிறவர், சீட்டாட்டத்தில் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாதவர். பெய்லி என் மகள். அவளைக் கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார வைத்து, அவள் படைக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் ஒரு காகிதத்தில் வரைந்து கொடுத்தேன். சிங்கப்பூர் மன்றோவுக்குப் படம் கிடையாது. வாட்ஸ்அப்பில் எழுத்து மட்டும். ஆட்டத்தில் ஒரு மணி நேரம் என்பது எங்கள் கடிகாரத்தில் 4 நிமிடம். ஒரு கடிதம் போய்ச் சேர 20 நிமிடம். கடிதம் புறப்படும்போது பகடை உருட்டுவேன். 1 அல்லது 2 விழுந்தால் தூதுவன் பிடிபட்டான். 3 விழுந்தால் இரட்டிப்பு நேரம். எது விழுந்தது என்று அனுப்பியவருக்குச் சொல்ல மாட்டேன்.

மகள் திப்புவை ஒருமுறை விரட்டினாள். ‘தாக்கினார்கள், தடுத்துவிட்டோம், சோறு இல்லை, வாருங்கள்’ என்று எழுதினாள். பகடை 2. அந்தக் கடிதம் அண்ணன் கைக்குப் போயிற்று. படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். இதற்கு முந்தின கடிதம்தான் மன்றோவுக்குக் கிடைத்தது. ‘முன்னால் எதிரி. எண்ணிக்கை தெரியவில்லை.’

அடுத்து நான் மன்றோவுக்கு ஒரு வரி அனுப்பினேன். ‘வடக்கே பீரங்கிச் சத்தம் கேட்கிறது.’

“எவ்ளோ தூரம் மாமா?”

“தெரியாது.”

“சுடறது நம்மளா, அவங்களா?”

“தெரியாதுடா.”

“சத்தம் நகருதா? பக்கத்துல வருதா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் விதி இல்லை. யோசித்து, “அப்படியேதான் இருக்கு” என்றேன்.

அரிசியைப் பற்றி இரண்டு முறை கேட்டான். எதிரே ஹைதரின் முகாமில் எத்தனை அடுப்புப்புகை என்று கேட்டான். நேற்று மாதிரியே என்று சொன்னேன், அது உண்மை. அண்ணன் இருட்டியதும் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போயிருந்தார், அடுப்புகளை மட்டும் எரியவிட்டு. ஆளைக் கிளப்பிவிட்டு நெருப்பை விட்டுவைக்கலாம் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. முதல் ஆட்டத்தில் ஒன்றரை மணி நேரத்தில் வென்றவன் இப்போது முக்கால் மணி நேரமாக ஓர் உத்தரவும் போடாமல் இருந்தான். கைபேசியில் ‘எழுதுகிறார்’ என்று வரும், மறையும், மீண்டும் வரும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இந்தப் போர் பெரிய ஓவியமாக இருக்கிறது. நடுவில் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் சிவப்புச் சட்டைச் சதுரம். வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. நான்கு புறமும் குதிரைகள். அதன் பழைய காகிதப் பிரதி ஒன்று 2022-ல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போயிற்று. எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிற ஓவியம் அது. வென்றவருக்கு, போர் முடிந்த பிறகு, அப்படித் தெரியலாம். எங்கள் மேல்விட்டத்தில் தொங்கிய கைபேசியும் அந்த ஓவியத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த 3,800 பேரில் பெரும்பாலோர் நம் ஊர்ப் பக்கத்துச் சிப்பாய்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். மாண்டவர்களிலும் அவர்களே அதிகம். பெய்லி 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே இறந்தார். அவருக்கு அங்கே நினைவிடம் உண்டு. அன்று பிடிபட்ட டேவிட் பெயர்ட் 1799-ல் அதே கோட்டையைத் தாக்கிய படையின் தலைமையில் திரும்பி வந்தார்; அவருக்குச் சரித்திரமே உண்டு. புள்ளலூருக்குப் போனால் இரண்டு நினைவுத் தூண்களைப் பார்க்கலாம். அவையும் அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27-ல், அதே இடத்தில் நடந்த இன்னொரு போரில் விழுந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கானவை. சிப்பாய்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. அவர்களில் ஒருவன்தான் காயத்தோடு தெற்கே நடந்து மன்றோவிடம் உண்மையைச் சொன்னவன். அன்று அவருக்குக் கிடைத்த ஒரே சரியான செய்தி அவன் கொண்டுவந்தது. பெயர் தெரியவில்லை. அவனுக்காக ஒரு பொம்மையைத் தனியாகத் தீட்டி, புள்ளலூருக்கும் காஞ்சிக்கும் நடுவே நிறுத்தியிருந்தேன். தலைக்கட்டில் மட்டும் ஒரு புள்ளி சிவப்பு.

ஆட்டம் முடிந்தது இப்படி. மகள் பதில் வராமல் காத்திருந்து காத்திருந்து, இனி யாரும் வர மாட்டார்கள் என்று முடிவு செய்து, இருட்டில் புள்ளலூர்ப் பாதையில் இறங்கினாள். அண்ணன் அங்கே சில்லுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கு எட்டு நிமிடம் முன்புதான் சிங்கப்பூரிலிருந்து உத்தரவு வந்திருந்தது. பகடை 5. தூதுவன் பிடிபடவில்லை, தாமதமும் இல்லை. விதிப்படி சேர வேண்டிய நேரத்துக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி. காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பாவு ஏற்ற ஆள் வந்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது.

‘அரிசி போனால் போகட்டும். விடியலில் முழுப் படையோடு வருகிறேன். இருக்கும் இடத்தை விட்டு நகராதீர்கள்.’